கோழி வாங்கிய பையில் வெள்ளரிக்காய்

வயிற்றுப்போக்கில் விழுந்து எட்டு நாள் விடுப்பு. அதில் நான்கு நாள் சம்பளம் இல்லாத விடுப்பு. கையைவிட்டுப் போன பணம் 20,240 ரூபாய். உடம்பில் நான்கு கிலோ. இத்தனையும் ஒரு மஞ்சள் பையைத் துவைக்காமல் ஆணியில் மாட்டியதால் போனது என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். நானும் முதலில் நம்பவில்லை. மெஸ் சாப்பாட்டைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். யாராவது ஒருத்தர் முன்கூட்டியே, 'கறி வாங்குற பையில காய் வாங்காதே' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லக்கூடிய ஆள் என் வீட்டிலேயே இருந்தாள், நான்தான் இருபது வருடமாகக் கேட்டதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

போன ஆனி மாதம் கும்பகோணத்தில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை. மனைவி அன்று இரவே பஸ் ஏறிவிட்டாள். மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சேலையூரில் இந்த வீட்டில் நான் மட்டும். எனக்குச் சமைக்கத் தெரியும், கடைக்குப் போகத் தெரியும், அதனால் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. இதுவரை நான் கடைக்குப் போனதெல்லாம் மனைவி ஒரு பையை எடுத்துக் கையில் கொடுத்து, 'இதுல வாங்கிட்டு வாங்க' என்று அனுப்பிய பிறகுதான். அது எந்தப் பை, ஏன் அந்தப் பை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பை என்றால் பை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துணிப்பை விஷயத்தில் நான் கொஞ்சம் தீவிரவாதி. 2019 ஜனவரி 1-ம் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்ததிலிருந்து வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு பை வைத்திருப்பேன். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபோது வீட்டில் இருந்த தாம்பூலப் பைகளை எல்லாம் எடுத்து அலுவலகத்தில் விநியோகித்தவன் நான். கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரம் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்ப்பதற்காகவே போய் ஒரு பை வாங்கி வந்தேன். கடையில் கவர் கேட்பவர்களைப் பார்த்து முகம் சுளிப்பேன். துணிப்பை எடுத்துப் போனாலே பாதிப் புண்ணியம் கிடைத்துவிட்டது என்கிற நினைப்பு. அதைத் துவைக்க வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. நான் பெருமையாக எடுத்துப் போகும் பை, சித்தப்பா பெண் கல்யாணத்தில் கொடுத்தது. ஒரு பக்கம் மணமக்கள் பெயர், மறுபக்கம் 'நல்வரவு'. கல்யாணம் நடந்து ஆறு வருடம். அந்தப் பை தண்ணீரைப் பார்த்தது, மழையில் மாட்டியபோது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளம்பினேன். பத்து மணிக்கு மேல் கூட்டம் நெரியும் என்று முதலில் கறிக்கடைக்குப் போனேன். முதல் தப்பு அதுதான். கறியும் மீனும் கடைசியாக வாங்க வேண்டியவை. முக்கால் கிலோ கோழி. கறிக்கடை பாய், 'டப்பா ஏதும் கொண்டு வரலையா சார்?' என்று கேட்டார். இல்லை என்றதும் மெல்லிசான கறுப்புக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். தடை செய்த கவர்தான். கொள்கை வீரன் எதுவும் பேசாமல் வாங்கித் தன் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டான். அப்புறம் காய்க்கடை, அப்புறம் வாழைப்பழம், அப்புறம் டீக்கடையில் பழைய நண்பர் ஒருவர். முக்கால் மணி நேரம் பேச்சு. பை வண்டிக் கொக்கியில் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு வந்தபோது பதினொன்றே முக்கால். பச்சைக் கறி குளிர்ச்சி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. சென்னையில் ஆனி மாத வெயிலில் எந்தக் கணக்கு பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பையைத் தூக்கி நேராக அடுப்பு மேடைமேல் வைத்தேன். கவரின் அடியில் எலும்பு குத்தி சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது. பையின் ஒரு மூலை நனைந்து இளஞ்சிவப்பாக இருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பால்கனியில் நின்று இரண்டு உதறு உதறிவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டினேன். கோழியை நன்றாகக் கழுவி, நன்றாக வேகவைத்து, அன்றைக்கே தின்று தீர்த்தேன். குழம்பு அருமையாக வந்திருந்தது.

திங்கட்கிழமை மதியம் அலுவலகத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் கொத்து பரோட்டா. 'நேற்றும் கறி, இன்றும் பரோட்டாவா' என்று குற்ற உணர்ச்சி வந்ததால் இரவு லேசாகச் சாப்பிட முடிவு செய்தேன். ஆறரை மணிக்கு அதே பையை எடுத்துக்கொண்டு போய் நாட்டு வெள்ளரிக்காய் நாலு, தக்காளி அரைக் கிலோ, கொத்தமல்லி ஒரு கட்டு. பையின் அடிப்பக்கம் இன்னும் லேசாக ஈரமாக இருந்தது கைக்குத் தெரிந்தது. வெள்ளரிக்காயைக் குழாயில் காட்டிவிட்டுத் தோலோடு வட்ட வட்டமாக நறுக்கி, தக்காளியும் கொத்தமல்லியும் சேர்த்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டேன். ஆரோக்கியமான சாப்பாடு என்று மகளுக்குப் படம்கூட அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குளிரில் பல் கிட்டியது. வயிற்றை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிவது போல் வலி. அன்று இரவு கழிவறைக்குப் போனது பதினொரு முறை. அதற்குமேல் எண்ணவில்லை. புதன் காலை காய்ச்சல் 102. தெருமுனை மருந்துக்கடையில் விஷயத்தைச் சொன்னதும் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தார்கள். போட்டேன். மதியம் நின்றது மாதிரி இருந்தது, சாயங்காலம் ரத்தம் கலந்து போனது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, கிருமி வெளியேறுகிற வழியை அடைக்கிற காரியம் அது என்று பிறகு டாக்டர் கடிந்துகொண்டார். தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். அதே கடையில் 'ஓஆர்எஸ்' (பேதியில் இழந்த நீரை ஈடுகட்டக் குடிக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலின் பெயர்) என்று பெரிதாக எழுதிய அட்டைப்பெட்டிப் பானம் நான்கு வாங்கி மடக் மடக்கென்று குடித்தேன். ஆப்பிள் சுவை. அதில் இருந்தது பெரும்பாலும் சர்க்கரை. அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. எனக்குக் கொஞ்சம் தாமதம். மருந்துக்கடையில் உப்பு சர்க்கரைப் பொடியாக, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்லி வரும் பாக்கெட்டைக் கேளுங்கள். ஒரு பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கலக்க வேண்டும், கண் அளவில் பிரிக்கக் கூடாது. அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இப்போது என் வீட்டில் நாலு பாக்கெட் எப்போதும் இருக்கிறது.

வியாழன் விடியற்காலை நாலு மணி இருக்கும். கழிவறையில் எழுந்து நின்றேன், கண் இருண்டது. அடுத்து நினைவில் இருப்பது கன்னத்தில் டைல்ஸ் தரையின் குளிர்ச்சி. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டிருந்தேன். வாசல் கதவுக்கும் உள்தாழ்ப்பாள். அந்த நேரத்தில் தோன்றியது பயம்கூட இல்லை, வெட்கம். இப்படி இந்தக் கோலத்தில் கதவை உடைத்து நம்மைப் பார்ப்பார்களே என்று. தவழ்ந்து போய் வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அந்த அக்கா வந்து பார்த்துவிட்டு, 'ஐயையோ தம்பி, ரெண்டு நாளா இப்படியா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?' என்று கத்திக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிட்டார். தனியாக இருப்பவர்கள் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். உடம்பு சரியில்லாதபோது கழிவறைக்கு எதற்குத் தாழ்ப்பாள், யார் வரப்போகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் 84/60. உடனே சேர்த்துவிட்டார்கள். இரண்டு இரவு, கைநிறைய டிரிப்ஸ். பரிசோதனைக்கு அனுப்பிய மலத்தில், பச்சைக் கறியிலிருந்து பரவக்கூடிய சால்மோனெல்லா என்கிற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்று முடிவு சனிக்கிழமை வந்தது. அதற்கு முன்பே டாக்டர், வயதில் என்னைவிட இளையவர், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாளாக என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கொத்து பரோட்டாவையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார், ஆனால் ஆர்வம் காட்டவில்லை. 'வீட்டுல பச்சைக் கோழி வாங்கினீங்களா சார்?' என்றார். வாங்கினேன், ஆனால் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட்டேன் என்றேன். 'கோழி வெந்திருக்கும். கோழித் தண்ணி எதுமேலெல்லாம் பட்டுச்சோ, அது வெந்துதா?' என்றார். நான் பதில் சொல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த இளஞ்சிவப்பு மூலை கண்முன்னே வந்துவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், பைதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கோழியைக் குழாயடியில் கழுவியபோது தெறித்த தண்ணீராக இருக்கலாம். அப்படிக் கழுவுவதே கிருமியை நாலு பக்கமும் பரப்பும் வேலை, சமைக்கும் சூடே அதைக் கொன்றுவிடும் என்றார் டாக்டர். நம் வீடுகளில் கழுவாமல் கோழி சமைக்க யாருக்கும் மனசு வராது. குறைந்தபட்சம் குழாயைப் பீச்ச விடாமல் ஒரு சட்டியில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசிவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கலாம். ஆனால் நான் வெள்ளரிக்காய் நறுக்கியது வேறு கத்தி, வேறு பலகை. ஒரு நாள் இடைவெளியில் தொட்டியும் காய்ந்திருந்தது. ஈரம் மிச்சமிருந்தது பையில் மட்டும்.

மனைவியிடம் வெள்ளிக்கிழமை வரை சொல்லவில்லை. மாமியாருக்கு அப்போதுதான் நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். சொன்னதும் முதலில் அழுதாள், அடுத்து டாக்டரைவிட நேராகக் கேள்வி கேட்டாள்: 'கோழி எதுல வாங்குனீங்க?' மஞ்சள் பையில் என்றேன். 'ஏங்க, ஃபிரிட்ஜுக்குப் பின்னால நீல வயர்கூடை இருக்கே, அதுக்குள்ள மூடி போட்ட தூக்கு இருக்கே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?' எங்கள் வீட்டு வயர்கூடையை எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டி காலத்து ஐட்டம், இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாள் என்று இரண்டு முறை பழைய சாமான்காரரிடம் போடப் பார்த்திருக்கிறேன். அவள் இருபது வருடமாகக் கறியும் மீனும் வாங்கியது அதில்தானாம். தூக்கிலேயே கறியை வாங்கி மூடிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் கூடையைப் பின்பக்கக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். பிளாஸ்டிக் வயர், நடுவில் இடைவெளி, பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். இதையெல்லாம் நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்தும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி பில் 34,600. இன்சூரன்ஸ் கொடுத்தது 23,150. மீதி 11,450 கையிலிருந்து. கையுறை, பஞ்சு, அது இது என்று ஒரு பட்டியல் போட்டுக் கழித்துவிட்டார்கள். சேர்வதற்கு முன்னால் கிளினிக், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாமாக 2,990. பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய ஒரு மாதச் செலவையும் கேட்டு வாங்கலாம், பில் இருந்தால். என் பில்கள் அந்த மஞ்சள் பைக்குள் இருந்தன. அக்கா என் வீட்டைச் சுத்தம் செய்தபோது நல்லெண்ணத்தோடு பையை உதறிக் குப்பையில் கொட்டிவிட்டார். சம்பளப் பிடித்தம் 5,800. கூட்டிப் பாருங்கள், 20,240 வரும். இதைச் செலவென்று சொல்வதா துவைப்புக் கூலி என்று சொல்வதா தெரியவில்லை.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் இதைப் பற்றியே படித்தேன். 2011-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களில் கடைக்கு வந்தவர்களிடமிருந்து 84 பைகளை வாங்கிச் சோதித்திருக்கிறார்கள். பாதிப் பைகளில் அசுத்தத்துக்கு அடையாளமான கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியா, 8 சதவீதத்தில் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா. கறித் தண்ணீர் பட்ட பையை இரண்டு மணி நேரம் கார் டிக்கியில் வைத்தபோது பாக்டீரியா பத்து மடங்கு ஆனது. பையைத் துவைத்தபோது 99.9 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. பெரும்பாலானவர்கள் பையைத் துவைப்பதே இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நான் தனி ஆள் இல்லை என்பதில் அற்ப சந்தோஷம். இன்னொன்று ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சிறுமிகள் கால்பந்து அணிக்கு 2010-ல் வெளியூர்ப் போட்டிக்குப் போன இடத்தில் நடந்தது. ஒரு பெண்ணுக்கு விடுதி அறையில் வாந்தி பேதி. தின்பண்டம் வைத்த பை அதே குளியலறையில் இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணைத் தொடவே தொடாத மற்றப் பிள்ளைகள் மறுநாள் அந்தப் பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்று விழுந்தார்கள். பையில் வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் கிடைத்தது. இதைப் படித்ததும் எழுந்து போய், கழிவறைக் கதவுப் பக்கம் மாட்டியிருந்த கட்டைப்பையை எடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வீட்டில் உள்ள பைகளை எல்லாம் கூடத்தில் கொட்டினேன். தாம்பூலப் பை ஒன்பது. ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஐந்து. துணி மாதிரியே இருக்கும் பை பதினாலு. அப்புறம் அரிசிச் சிப்பம் ஒன்றுக்குள் திணித்து வைத்திருந்த கவர்கள், ஒவ்வொரு கவருக்குள்ளும் நாலு கவர். அந்தச் சிப்பத்தை சிலிண்டருக்குப் பின்னாலிருந்து இழுத்தபோது கரப்பான்கள் நாலாபக்கமும் ஓடின. வெங்காயத் தோலும் வெல்லத்தூளும் ஒட்டிய கவர்கள், இருட்டு, சூடு. வேறென்ன வேண்டும் அதுகளுக்கு? எதற்காவது ஆகும் என்று சேர்த்து வைக்கும் புத்தி எங்கள் இரண்டு பேருக்குமே உண்டு, இதில் மனைவியைச் சொல்லிக் குற்றமில்லை. சுத்தமான கவர்களில் இருபதை மடித்து ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்தேன். டப்பா நிறைந்தால் புதிது சேர்க்கக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

பைகளைப் பிரித்தபோதுதான் எல்லாப் பையும் ஒன்றில்லை என்று புரிந்தது. அந்தத் துணி மாதிரி இருக்கும் பைகள் துணியே இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்கை அழுத்திச் செய்தவை. 2019 தடைப் பட்டியலிலேயே அவை இருந்தன. சுடுநீர் ஊற்றினால் சுருங்கும், வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். அவற்றைச் சோப்புத் துணியால் துடைப்பதோடு சரி. கட்டைப்பைக்குக் கைப்பிடியில் கட்டை, அடியில் அட்டை, துவைத்தால் போயிற்று. அதனால் அதில் பருப்பு, சோப்பு, எண்ணெய் பாக்கெட் மாதிரி மளிகை மட்டும். நிஜமான பருத்திப் பைதான் நன்றாகத் துவைக்கத் தகுந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, சோப்புப் போட்ட சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தையல் மடிப்பை பிரஷ்ஷால் தேய்த்து, திருப்பியபடியே வெயிலில் போட வேண்டும். அழுக்கு அதிகம் தங்குவது தையல் மடிப்பில்தான். காய்ப் பையை வாரம் ஒருமுறை படுக்கை விரிப்போடு சேர்த்துப் போட்டுவிடுகிறேன். தனி வேலை என்று வைத்தால் செய்ய மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அந்தக் கல்யாணப் பையைத் தூக்கி எறியத்தான் போனேன். மனைவி போனில், 'துவைச்சா போகப் போகுது, அது என்ன பாவம் பண்ணுச்சு' என்றாள். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. பருத்தி விளைவித்து நெய்யும் செலவைப் பார்த்தால், பூமி சூடாவதை மட்டும் வைத்துப் பார்த்தால்கூட ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் சாதாரணப் பிளாஸ்டிக் கடைப்பைக்கு ஈடாகும். நான் விநியோகித்த தாம்பூலப் பைகளில் எத்தனை 52-ஐத் தொட்டிருக்கும்? எனவே அந்தப் பை தப்பித்தது. இப்போது அது வேகவைக்காமல் சாப்பிடும் பழத்துக்கும் வெள்ளரிக்கும் மட்டும். கறி, மீன் எல்லாம் தூக்கோடு வயர்கூடையில். பாய் முதலில் வெறும் தூக்கைத் தராசில் வைத்து எடையைக் கழித்துக்கொண்டுதான் போடுகிறார். மண் ஒட்டிய கிழங்கு, கீரை, வெங்காயத்துக்குப் பழைய சாக்குப் பை. இதற்கு மேல் பிரித்தால் ராணுவ ஒழுங்கு ஆகிவிடும், நடைமுறைக்கு வராது.

வீட்டுக்குள் வந்ததும் பையை மேடையில் வைப்பதில்லை. அந்தப் பை காய்க்கடைத் தரையில் இருந்திருக்கும், ஆட்டோவில் கால்மாட்டில் கிடந்திருக்கும், வண்டிக் கொக்கியில் தெருப்புழுதி தின்றிருக்கும். செருப்பை மேடைமேல் வைப்போமா? வாசலுக்கு உள்ளே ஒரு முக்காலி போட்டு அதில் வைக்கிறேன். முதலில் பால், தயிர், கறி நேராக ஃபிரிட்ஜுக்கு. கறி கீழ்த்தட்டில், சொட்டினாலும் கீழே எதுவும் இல்லாத இடத்தில். பிறகு கை கழுவிவிட்டு மற்றவை. காயைக் கவரில் கட்டியபடி விட்டுவிட்டால் வியர்த்து அழுகும், அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். கொத்தமல்லியை நியூஸ்பேப்பரில் சுற்றும் பழக்கத்தையும் விட்டாயிற்று. அச்சு மை சாப்பாட்டில் சேரக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை சொல்லிவிட்டது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன், அதில் சுற்றினால் ஒரு வாரம் தாங்குகிறது. கடைசியாகப் பையை உதறி, உள்ளே கைவிட்டுப் பார்த்து, பில் இருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஆணிக்குப் போகும். பில் விஷயம் ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

மெஸ் விவகாரம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அலுவலக வாட்ஸ்அப் குழுவில், 'அந்த மெஸ் பக்கம் யாரும் போகாதீர்கள்' என்று போட்டிருந்தேன். நாலைந்து பேர் போவதை நிறுத்திவிட்டார்கள். சால்மோனெல்லா முடிவு வந்த பிறகு, 'மெஸ் காரணம் இல்லை போலிருக்கிறது, என் வீட்டுப் பைதான்' என்று திருத்திப் போட்டேன். அதற்கு வந்தது சிரிப்பு பொம்மைகள் மட்டும். மெஸ்காரரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் அங்கேயே சாப்பிடுகிறேன், அவர் சிரித்துக்கொண்டே கூடுதலாகச் சால்னா ஊற்றுகிறார். அது தொண்டையில் கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

இப்போது ஐப்பசி மழை. மாமியார் ஊன்றுகோலோடு நடக்கிறார், மனைவி வந்துவிட்டாள். துணிப்பை இரண்டு நாளானாலும் காய்வதில்லை, ஈர வாடை வந்துவிடுகிறது. மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் போட்டுப் பார்க்கிறேன், இஸ்திரி போட்டும் பார்த்தேன். காயாத பையை எடுத்துப் போவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். போன ஞாயிறு நீலக் கூடையின் பிடி அறுந்துவிட்டது, அதனால் கறி வேண்டாம், முட்டை வாங்கி வருகிறேன் என்று மஞ்சள் பையை எடுத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: 'முட்டைக்கு வேற டப்பா இருக்குங்க.'